வன்னியைப் பேசாப் படமாக எடுக்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கனடாக்காரர் கை மடின் 1990இல் எடுத்த ‘ஆர்க்கேஞ்சல்’ படத்தைப் பார்த்திருக்கிறா. முதலாம் உலகப் போர்க் காலத்துக் கதை. படமும் அந்தக் காலத்திலேயே எடுத்து எங்கோ பெட்டிக்குள் கிடந்து வந்ததுபோலக் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. “போர்ப் படத்தை ஏன் இப்படி எடுக்க வேணும்? 2008, 2009இல் வன்னியில் நடந்த கடைசிப் போரை நாங்களும் இந்தப் பாணியில் இருபது நிமிடப் படமாக எடுத்தால் சரிவருமா? எங்களிடம் இருப்பது ஒரு போனும் மூன்று நண்பர்களும்தான்.” இதுதான் கேள்வி.

சரிவரும், தங்கச்சி. ஆனால் மடினுக்கு இருந்த காரணம் உங்களுக்கு உதவாது. உங்களுக்கான காரணம் வன்னியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவருடைய காரணம். ஆர்க்கேஞ்சல் ரஷ்யாவின் வடகோடியிலுள்ள துறைமுகம். 1918இல் நேச நாட்டுப் படைகள் போல்ஷெவிக்குகளுக்கு எதிராக அங்கே போய் இறங்கின. கனடாவின் பீரங்கிப் படையினரும் அதில் இருந்தார்கள். அந்த வருடம் நவம்பர் 11 அன்று மேற்குப் போர்முனை ஓய்ந்தது. அதே நாளில் ஆர்க்கேஞ்சலுக்குத் தெற்கே துல்காஸ் என்ற கிராமத்தில் அந்தக் கனடியர்கள் கடும் சண்டையில் நின்றார்கள். உலகத்துக்கு முடிந்த போர் அவர்களுக்கு முடியவில்லை. அந்நியப் படைகள் வெளியேற 1919 ஆகிவிட்டது. மடின் இந்த உண்மையை எடுத்து, போர் முடிந்ததையே அறியாத ஒரு ஊராக ஆக்கிவிட்டார். ஒரு காலை இழந்த லெப்டினன்ட் போல்ஸ், செத்துப்போன காதலி ஐரிஸை மனதில் சுமந்துகொண்டு அங்கே வருகிறான். வெறோங்கா என்ற பெண்ணைப் பார்த்து அவள்தான் ஐரிஸ் என்று நம்புகிறான். அவளுடைய கணவனோ தனக்குக் கலியாணம் ஆனதையே மறந்து மறந்து போகிறவன். ஆளாளுக்கு ஒரு மறதி. அந்த மறதிக் கதையை, உலகம் கைவிட்ட ஒரு சினிமா மொழியில் சொல்கிறார் மடின். பேச்சு பாதி, மௌனம் பாதி. வாய் அசைவோடு ஒட்டாத குரல், புகைமூட்டமான ஒளி. பாணியும் கதையும் அங்கே ஒன்றுதான். அதனால்தான் அந்தப் படம் நிற்கிறது.

வன்னியில் மறதி எங்கே இருக்கிறது? தருமபுரத்தில் எந்த வீட்டு முற்றத்தில் இருந்து கேட்டாலும் திகதியோடு சொல்வார்கள், எந்தப் பாலத்தடியில் எந்த நேரம் யார் விழுந்தார்கள் என்று. ஆகவே மடினின் பாணியை அப்படியே இறக்கினால் அது வெறும் வேஷம்.

உங்கள் காரணம் என்ன? வன்னிச் சனம் அந்தப் போரைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதுதான் கூட. நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், ஆனாலும் நினைவிருக்கும். வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் இரவு பகலாக மேலே இரைந்துகொண்டிருக்கும், கண்ணில் படாது. தூரத்தில் ‘தொம்’ என்று ஒரு குத்துச் சத்தம் கேட்கும். அது செல் புறப்படுகிற சத்தம். அதற்கும் வந்து விழுவதற்கும் இடையில் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் எண்ணிக்கொண்டு பங்கருக்குள் இறங்க வேண்டும். ஆட்லறியா, மோட்டாரா, மல்ரிபரல் என்ற பல்குழல் பீரங்கியா என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்லும். ஒரு ஊரே செவியாக மாறியிருந்த காலம் அது.

இந்தச் சத்தங்களை இன்று ஸ்பீக்கரில் போட்டால் என்ன நடக்கும்? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற வெடிச்சத்தத்தைப் போட்டால், வன்னியில் இருந்தவர் ஒருவரும் நம்ப மாட்டார். உண்மையானது போலவே செய்து போட்டால், நம்பிவிட்டவர் எழுந்து வெளியே போய்விடுவார். சிலருக்குக் கை நடுங்கும். நான் கண்டிருக்கிறேன். சத்தத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கேட்கிற முகம். பேசாப் படத்துக்கு அதைவிட நல்ல பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் விசுவமடுவில் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை நடத்தினேன். எழுபது வயது அய்யா ஒருவரை நடிக்கக் கூட்டிவந்திருந்தார்கள். “செல் வருது, பங்கருக்குள்ள ஓடுங்கோ” என்றான் ஒரு பொடியன். அய்யா பள்ளிக்கூட நாடகம் போல ஓடினார். சரிவரவில்லை. மத்தியானம் சாப்பிட இருந்தபோது அவரிடம் கேட்டேன்: “அய்யா, இப்பிடிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க குத்துற சத்தம் கேட்டா என்ன செய்வீங்கள்? இவன் எடுக்கட்டுமே?” தலையாட்டினார். குழைத்த சோற்றோடு வலக்கை தட்டிலேயே நின்றது. தலை ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தது. உதடு சத்தமில்லாமல் எண்ணியது. எட்டோ ஒன்பதோ வந்தபோது இடக்கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த சோற்றுப் பானையை மூடினார். மண் விழுந்துவிடுமாம். பிறகு திரும்ப எண்ணினார். எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி. அந்தத் துண்டை மாலையில் சத்தமே இல்லாமல் போட்டுக் காட்டினோம். பானை மூடப்பட்ட இடத்தில் பின்வரிசையில் இருந்த பெண்கள் “ஓம்... ஓம்” என்றார்கள்.

அதை வைத்துக்கொண்டு தொழில் விஷயத்துக்கு வருகிறேன்.

எடிட்டிங் ஆப்பில் ‘பழைய படம்’ என்று ஒரு பில்டர் இருக்கும். கீறல், தூசி, துடிக்கிற வெளிச்சம் எல்லாம் ஒரே அமுக்கில் வரும். அதைத் தொடாதீர்கள். அந்தக் கால நெகடிவ்கள் கூர்மையானவை. நாங்கள் பார்க்கிற மங்கல், பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்ததால் வந்தது. துடிப்புக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் கமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 பிரேம். கை தளர்ந்து மெதுவானால் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். திரையில் அந்த இடம் வெளிறும், அதே இடத்தில் ஆட்களும் வேகமாக அசைவார்கள். வேகமும் வெளிச்சமும் சேர்ந்தே மாறும். பில்டரோ வெளிச்சத்தை மட்டும் துடிக்கவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று கண் சொல்லிவிடும்.

வேகம் பற்றி இன்னொன்று. பேசாப் படம் என்றால் ஆட்கள் சிரிப்பு மூட்டுவது போல ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். 16இல் எடுத்ததைப் பின்னாளில் 24இல் ஓட்டியதால் வந்த கோலம் அது. இடம்பெயரும் சனத்தை அப்படி ஓடவிட்டால் பாவம். போனில் 30 பிரேமில் எடுங்கள், எடிட் செய்யும்போது ஒன்றுவிட்டு ஒன்றை நீக்குங்கள். விநாடிக்கு 15 வரும். நேரம் மாறாது, அசைவில் மட்டும் ஒரு தத்தல் இருக்கும். ஷட்டரை 1/30இல் பூட்டுங்கள். வெயிலில் வெளிறினால் லென்சுக்கு முன் வெயில் கண்ணாடி ஒன்றைப் பிடியுங்கள். படச்சட்டத்தின் அளவு 4:3. ஸூம் வேண்டாம், கையில் பிடித்து அலைய வேண்டாம், காலூன்றிய கமரா. சினிமாவைத் தொடக்கிவைத்த பிரெஞ்சுக்காரர் லூமியேர் சகோதரர்களின் சுருள் ஒன்று 17 மீற்றர், ஓடுவது 50 விநாடியளவு. நீங்களும் ஒரு ஷொட்டுக்கு 50 விநாடி என்று வைத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு பெண் அடுப்பு மூட்டி, கேட்டு, அணைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு ஒன்றே உங்களுக்குப் பாதிப் பாணியைத் தந்துவிடும்.

நிறத்தில்தான் வன்னிக்கென்று ஒரு விசேஷம். ஆரம்பகாலப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலத்தை அளவுக்கு மீறி உள்வாங்கும். 1920களின் பின்பகுதியில்தான் எல்லா நிறத்தையும் பிடிக்கிற பிலிம் பரவியது. எங்கள் நிலத்தில் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். சிவந்த கிரவல் றோட்டு கறுக்கும். இரத்தம் கறுப்பாகும். குங்குமப் பொட்டு மண்ணிற முகத்தோடு கரைந்து காணாமல் போகும், திருநீறு மட்டும் பளிச்சிடும். நீல வானம் முகிலின்றி வெறும் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளையைத் தலைநிமிர்ந்து பார்க்கிற ஒரு குடும்பத்தை எடுங்கள். கிபிர் குண்டுவீச்சு விமானத்தைக் காட்டவே தேவையில்லை. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பைப் பூச்சியமாக்கி, நீலத்தைக் கூட்டி, பச்சையை அதற்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் இது வந்துவிடும். எங்கள் முகங்கள் கறுத்துப்போகும். அந்தக் கால நடிகர்கள் அதற்காகத்தான் மாவாகப் பூசிக்கொண்டார்கள். பூச வேண்டாம். பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வெயிலை முகத்துக்குத் திருப்புங்கள்.

வெளிச்சத்துக்குச் செலவு செய்யாதீர்கள். எடிசனின் ஆட்கள் 1893இல் கட்டிய முதல் ஸ்ரூடியோவின் கூரை திறக்கும். சூரியனுக்கு ஏற்றபடி கட்டடமே சுழலும். பிரெஞ்சுப் படக்காரர் மெலியஸ், பாரிஸுக்குப் பக்கத்து மொந்த்ரேயில் கண்ணாடியால் ஸ்ரூடியோ கட்டினார். வீட்டுக்குள் நடக்கிற காட்சிக்கும் அவர்களுக்குச் சூரியன்தான் விளக்கு. வன்னியில் கூரையில்லாத வீடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அப்படி ஒரு வீட்டுக்குள் பாயைப் போட்டு, குப்பி விளக்கை வைத்து, மேலே நுளம்புவலையைக் கட்டி வெயிலை மெதுவாக்கி, இரவுக் காட்சியைப் பகலில் எடுங்கள். அக்காலத்தில் இரவுக்கு நீலச் சாயம், விளக்கொளிக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று பிலிமையே தோய்ப்பார்கள். உங்கள் இரவு முழுக்க நீலமாக இருக்கட்டும். பரா என்ற வெளிச்சக் குண்டு மேலே போகிற கணத்தில் சாயத்தை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு வெள்ளைக்கு வாருங்கள். அந்த வெளிச்சத்தில் அகப்பட்டவர்களுக்கு விளங்கும்.

கருவி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். முதலாம் உலகப் போரில் பயன்பட்ட ஏரோஸ்கோப் என்ற கமராவைப் போலந்துக்காரர் புரோஷின்ஸ்கி செய்தார். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலப் பம்பால் அடித்து நிரப்பிய காற்றில் ஓடுகிற கமரா. பற்றரி தடைப்பட்டிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

டைட்டில் கார்ட் பத்துக்கு மேல் வேண்டாம். விளக்கம் எழுதாதீர்கள், சனம் சொன்ன சொல்லை எழுதுங்கள். ‘குத்திட்டான்.’ ‘வெளிக்கிடுங்கோ.’ ‘அங்கால போகேலாது.’ இவ்வளவும் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். 1916இல் பிரான்சில் நடந்த சொம் சண்டையைப் பற்றி பிரித்தானியர் ஒரு படம் வெளியிட்டார்கள். மாலின்ஸ், மக்டவல் என்ற இரு கமராக்காரர்கள் எடுத்தது. சில வாரங்களில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அகழியிலிருந்து படையினர் ஏறுகிறார்கள், ஒருவன் சரிந்து திரும்ப விழுகிறான். கொட்டகையில் இருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். அந்தத் துண்டு முன்னரங்கில் எடுத்ததல்ல, பின்னால் பயிற்சிக் களத்தில் நடித்து எடுத்தது என்று ஆராய்ந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அதே படத்தில் உண்மையான பிணங்களும் இருக்கின்றன. நடிப்பும் உண்மையும் ஒரே சுருளில் ஒட்டிக்கொண்டால் நூறு வருடத்துக்குப் பிறகும் பிரிக்கச் சிரமம்.

எங்களுக்கு அது இன்னும் ஆபத்து. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடியதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். கடைசி நாட்களின் படம் எது வந்தாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் அவர்கள். பின்னால் நிற்கிற முகம் தங்கள் பிள்ளையா என்று போனை விரித்துப் பார்க்கிற விரலை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் பழுதாக்கி, மங்கலாக்கி, பழைய ஆவணம் போல எடுக்கிற காட்சி நாளைக்கு முப்பது விநாடித் துண்டாக வட்ஸ்அப்பில் வரும். ஒரு தாய் அதில் தன் மகனைத் தேடுவாள். அதற்கு நீங்கள் இடம் வைக்கக் கூடாது. போரின் முடிவில் கை உயர்த்திக்கொண்டு வட்டுவாகல் பாலத்தால் வந்த சனத்தை நிஜம் போல எடுக்காதீர்கள். கடற்கரையில் பிணங்களைப் பரப்பாதீர்கள்.

அப்படியென்றால் அதைக் காட்டவே முடியாதா? முடியும், அதற்கும் ஆரம்பகால சினிமாவே வழி சொல்லும். மெலியஸ் வானத்தையும் கடலையும் துணியில் வரைந்தார். பார்ப்பவருக்கு அது துணி என்று தெரியும், தெரிந்துகொண்டே உள்ளே போவார். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? நந்திக்கடலைப் பழைய சேலையில் வரையுங்கள், இரண்டு பேர் பிடித்து ஆட்டட்டும். பாலத்தைப் பலகையில் செய்யுங்கள். சனத்தைக் காகிதத்தில் வெட்டி நகர்த்துங்கள். வீட்டுக்குள் நடப்பது உண்மையான வீட்டில், உண்மையான முகங்களோடு. பெருந்துயரம் நடந்த இடங்கள் எல்லாம் துணியும் காகிதமும். இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் உங்கள் படத்துக்கென்று ஒரு இலக்கணம் கிடைக்கும். யாரும் அதை ஆவணமென்று ஏமாறவும் மாட்டார்கள்.

‘போலச் செய்வது’ என்றாலும் எதைப் போலச் செய்வது என்று ஒரு கேள்வி இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பேசாப் படமான, நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. இலங்கையின் முதல் கதைப்படமான ‘ராஜகீய விக்கிரமய’ 1925இல் எடுக்கப்பட்டு, எரிந்துபோனது. இலங்கையில் முதலில் படம் காட்டியது 1901இல் என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் யார் தெரியுமா? ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும், தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து முகாமில் அடைத்திருந்த போயர் போர்க் கைதிகளும். இந்த நாட்டில் சினிமா முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர்களின் கண்ணில்தான் தொடங்கியது. இடம்பெயர்ந்த சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் இருந்து வந்த எனக்கு அதை வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை.

அந்தக் காலப் படங்கள் உண்மையில் மௌனமாக ஓடியதுமில்லை. திரைக்குப் பக்கத்தில் வாத்தியம் இருக்கும். யப்பானில் பென்ஷி என்று ஒருவர் நின்று, படத்தில் வருகிற எல்லோருக்கும் குரல் கொடுப்பார். நடிகரைவிட அவருக்குப் பெயர் பெரிதாக இருந்த காலமும் உண்டு. உங்கள் படத்தையும் ஒலித்தடமே இல்லாமல் முடித்துவிடுங்கள். போடுகிற ஊரில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கிடைத்தால் அவர், இல்லையென்றால் அந்த ஊர் அம்மா ஒருவர்.

இது எனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்லி முடிக்கிறேன். 2008க்கு முன் நான் கிளிநொச்சியில் கலியாண வீடு, பெண் பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீடு எல்லாம் வீடியோ எடுத்தவன். இடம்பெயர முன், அறுபது எழுபது மினிடிவி கசெற்றுகளை உரப்பையில் சுற்றிப் பிளாஸ்ரிக் பரலில் போட்டு, வேப்பமரத்தடியில் தாட்டுவிட்டுப் போனேன். கனடாவில் டோசன் என்ற ஊரில் 1978இல் மண்ணைக் கிண்டியபோது 533 பேசாப் படச் சுருள்கள் கிடைத்தன. உறைந்த நிலம் அவற்றைக் காப்பாற்றியிருந்தது. எங்கள் நிலத்துக்கு அந்தக் குளிர் இல்லை. 2010இல் திரும்பி வந்து கிண்டினேன். மூடி வெடித்து உள்ளே தண்ணீர். ரேப் எல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கழுவி, நிழலில் காயவைத்து ஓட்டியதில் ஒன்றுதான் அசைந்தது. ஒரு சாமத்திய வீடு. பதினொரு விநாடி. ஒலி இல்லை. படம் கீறல் விழவில்லை. சதுரம் சதுரமாக உடைந்து, முகங்கள் கட்டங்களுக்குள் சிக்கி, விட்டுவிட்டு அசைந்தது. எங்கள் காலத்துப் பழுது அப்படித்தான் இருக்கும். பழுது வேண்டுமென்றால் அதைப் போடுங்கள்.

அந்தப் பெண்ணின் தாயை விசாரித்துக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். வந்து ரிவிக்குப் பக்கத்தில் நின்றா. திரும்பத் திரும்பப் போடச் சொன்னா. ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தைத் தொட்டு, “இது என்ர தம்பி. இது மூத்தவளின்ர சிநேகிதி. இந்தக் கை ஆற்றை? ஆ, குத்துவிளக்குப் பிடிச்சது சின்ன மாமி” என்று சொல்லிக்கொண்டே போனா. பதினொரு விநாடிப் படத்துக்கு ஒரு மணித்தியாலம் கதை. இடையில் இரண்டு பேர் தெருவால் போனவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களும் தங்களுக்குத் தெரிந்த முகங்களைச் சொன்னார்கள்.

படம் முடிந்ததும் சொல்லுங்கள். வேட்டியைத் திரையாகக் கட்டி உங்கள் ஊரிலேயே போடலாம், ஜெனரேட்டர் நான் கொண்டுவருகிறேன். திரைக்கு வலப்பக்கத்தில் ஒரு கதிரை மட்டும் போட்டு வையுங்கள்.